சந்தனம் பட்ட பத்துத் தாள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். அச்சன்புதூர் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். இசக்கிசெல்வி என்று முழுப் பெயரையும் எழுதி, கடைசி எழுத்தின் கொக்கியைப் பின்னால் இழுத்துக் கோடாக்கி, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். அதை வேறு யாராலும் போட முடியாது. அதனால்தான் ஸ்கேன் சென்டர் மானேஜர் அந்தத் தாளை என் முன்னால் வைத்து, "இது உன் கையெழுத்துதானம்மா?" என்று கேட்டபோது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்து என்னுடையதுதான். அதற்கு மேலே இருந்தவற்றில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். கோபத்தில் சொன்னால் முன்னது பின்னதாகப் போய்விடும்.

தென்காசி கூலக்கடை பஜாரில் எனக்கு ஒரு கடை. பத்துக்குப் பத்து. 'செல்வி சிஸ்டம்ஸ்' என்று போர்டு. பிரிண்டருக்கு மை ஊற்றவும் மவுஸ் வாங்கவும் வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி இல்லையாம்மா?" என்பார்கள். "நான்தான் அண்ணாச்சி, சொல்லுங்க" என்பேன். எட்டு வருஷமாக இதே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது. எனக்குத் தெரிந்த வேலை மை ஊற்றுவது இல்லை, சர்வர் வேலை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் சர்வர் வைத்திருக்கிற இடங்கள் கொஞ்சம்தான். அவர்களும் கோளாறு என்றால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோதான் போன் போடுவார்கள்.

இந்த வருஷம் ஆனி பிறந்ததும் அந்த வேலை என்னைத் தேடி வந்தது. டாக்டர் இராமலட்சுமி குற்றாலம் ரோட்டில் ஸ்கேன் சென்டர் நடத்துகிறார். இலஞ்சியில் பழைய நிலக்காரக் குடும்பம். அவரே கூப்பிட்டார். "செல்வி, கம்ப்யூட்டர்ல இடம் இல்லைன்னு சிவப்பு எழுத்து வருது. என்ன பண்ணணும்னு நீ யோசிச்சுச் சொல்லு. நீ சொல்லுததைச் செய்வோம்" என்றார். யோசித்துச் சொல் என்று அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மாட்டு, கழற்று, சீக்கிரம் முடி, இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். இந்த வேலை நன்றாக முடிந்தால், சர்வருக்கு இந்த ஊரிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்று பெயர் வரும். அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

அங்கே இருப்பது ஒரே ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் நாலு கம்ப்யூட்டர் குடியிருக்கின்றன. நிஜக் கம்ப்யூட்டர் இல்லை, மென்பொருளால் ஆனவை. எங்கள் பாஷையில் விஎம். ஒன்று நோயாளிகளைப் பதிவு செய்ய, ஒன்று லேபுக்கு, ஒன்று ரிப்போர்ட் அடிக்க, ஒன்று ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைக்க. முன்னால் இதை அமைத்த ஆள் நாலுக்கும் ஆளுக்கு இரண்டு டெராபைட் இடம் உண்டு என்று எழுதி வைத்திருந்தார். பெட்டிக்குள் இருந்த மொத்த இடமே ஐந்துதான். முந்நூறு இலைக்குச் சமைத்துவிட்டு ஐந்நூறு பத்திரிகை கொடுத்த கல்யாணம். எல்லாரும் வராதவரைக்கும் தெரியாது. சீசனில் எல்லாரும் வந்துவிட்டார்கள். அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பையும் மணிக்கட்டையும் முறித்துக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது பேர். இடம் முழுக்கத் தீர்ந்தால் படம் சேர்ப்பது மட்டும் நிற்காது, நாலு மெஷினும் ஒன்றாக உறைந்துபோகும். மிஞ்சினால் ஒரு மாதம் தாங்கும் என்று தெரிந்தது.

இடம் சேர்க்க மூன்று வழி இருந்தது. பெட்டியில் டிஸ்க் போட இரண்டு காலிக் குழிகள் உண்டு. இருக்கிற டிஸ்க் அளவிலேயே இரண்டு வாங்கிச் சொருகி, மொத்தத்தையும் நீட்டிவிடலாம். லேசான வழி. ஆனால் அது ஆறு வருஷப் பழைய பெட்டி, அந்த டிஸ்க் இப்போது புதிதாக வருவதில்லை. யாரோ பயன்படுத்திக் கழித்ததுதான் கிடைக்கும். நீட்டுகிற வேலை இரண்டு நாள் ஓடும். நடுவில் கிழட்டு டிஸ்க் ஒன்றிரண்டு மண்டையைப் போட்டால் எல்லாம் போச்சு. இன்னொரு வழி, படங்களை இணையத்தில் வாடகை இடத்துக்கு அனுப்புவது. சாரல் காற்றில் கிளை முறிந்து கேபிள் அறுபடாத வாரம் எங்கள் ஊரில் உண்டா? டாக்டர் பழைய படத்தைக் கேட்கிற நேரம் பார்த்து வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் தனியாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கலாம். நல்லதுதான், ஆனால் நாலு மெஷினையும் அதில் வைக்கிற அளவுக்கு வேகமான பெட்டி வாங்கினால் டாக்டருக்குக் கட்டுப்படியாகாது.

பதினோரு நாள் காலையில் போய் அந்த சர்வர் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். யார் எந்தப் படத்தை எப்போது திறக்கிறார்கள் என்ற பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு மாதத்துக்கு மேல் பழசான படங்களில் நூற்றுக்கு நாலைத்தான் யாராவது திரும்பத் திறக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு மத்தியானம் சாப்பிட மறந்துபோனது. விடை அதில்தான் இருந்தது. காலிக் குழிகளில் வேகமான சின்ன டிஸ்க் இரண்டு, பழையதோடு சேர்க்காமல் தனியாக. பதிவு, லேப், ரிப்போர்ட் மூன்றும் அதில் ஓடட்டும். படங்கள் மட்டும் தனிப் பெட்டியில், மெதுவான பெரிய டிஸ்க்குகளில். சனிக்கிழமைதோறும் ஒரு பிரதி டாக்டர் வீட்டு அலமாரிக்கு. இதைப் படமாக வரைந்தேன். எனக்குப் பென்சிலில்தான் வரைய வரும். அலமாரியை வரைந்து, இருக்கட்டும் என்று அதற்கு ஒரு குமிழ்க் கைப்பிடியும் போட்டேன்.

இங்கே எங்கள் தொழிலின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த இடத்திலும் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். ஸ்கேன் சென்டர் மானேஜர் சிவசுப்பிரமணியன் சார் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு ஊக்குகூட வாங்க மாட்டார். அதற்காக மூன்று கடைக்காரர்களைத் தேடி யார் அலைவது? வேலைக்காக அலைந்த ஆளே மூன்றையும் கொண்டுவந்துவிடுவார். தன்னுடையது ஒன்று, கூட்டாளிகளுடையது இரண்டு, கொஞ்சம் விலை கூட்டி. அதற்குத் துணைக் கொட்டேஷன் என்று பெயர். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. பக்கத்தில் நிற்கலாம், தாலி கட்டக் கூடாது.

நானும் சந்தோஷ்குமாரும் அப்துல் மஜீது பாயும் ஒருவருக்கொருவர் துணை. ஒவ்வொரு தடவையும் லெட்டர்பேடுக்கு அலைய வேண்டாம் என்று ஆயுத பூஜை அன்றைக்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். புது லெட்டர்பேடைத் திருப்புளியோடும் கேபிள் முனை அடிக்கிற கருவியோடும் வைத்து, மூலையில் சந்தனம் தொட்டுக் கும்பிடுவோம். பிறகு மற்ற இருவருக்கும் ஆளுக்குப் பத்துத் தாளில் கீழே கையெழுத்தும் சீலும் போட்டு மாற்றிக்கொள்வோம். மேலே வெற்று. மஜீது பாய் பொரி தின்ன வருவார், தாளோடு போவார். யாருக்குத் தேவையோ அவர் போன் போட்டு "ஒண்ணு எடுக்கேன்" என்று சொல்லிவிட்டு அடித்துக்கொள்ள வேண்டியது.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவே சொல்லுவாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது. இவ்வளவு நம்பிக்கை திருநெல்வேலிக் கடைக்காரர்களுக்குள் உண்டா என்று மஜீது பாயிடம் கேட்கவும் செய்தேன்.

சந்தோஷும் நானும் ஒரே கடையில் ஒன்பது வருஷம் சம்பளத்துக்கு இருந்தவர்கள். ஒரே மாதத்தில் வெளியே வந்து நான் தென்காசியிலும் அவன் குற்றாலத்திலும் கடை போட்டோம். இலஞ்சிக்காரன், என்னைவிட மூன்று வயது சின்னவன், எனக்குத் தம்பி இல்லாத குறையைத் தீர்த்தவன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவன் அப்பா நெஞ்சுவலியோடு திருவனந்தபுரத்தில் கிடந்தபோது, இருபது நாள் என் கடையைப் பூட்டிவிட்டு அவன் கடையைத் திறந்து வைத்தேன். அவன் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். இப்போது நினைத்தால் எரிகிறது.

ஆகவே வரைபடத்தை முதலில் அவனிடம்தான் சொன்னேன். போனில் முக்கால் மணி நேரம். மூன்று வழியையும் சொல்லி, இரண்டை ஏன் தள்ளினேன் என்றும் சொன்னேன்.

"செல்விக்கா, நூத்துக்கு நாலுங்கதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றான்.

"ஸ்டூல்ல உக்காந்துலே."

"சூப்பர்க்கா. படத்தை எனக்கு அனுப்புங்க, நிதானமாப் பாக்கேன். துணைக் கொட்டேஷன் ரெண்டையும் நானே ரெடி பண்ணுதேன். மஜீது பாய்க்கும் நான் சொல்லிக்கிடுதேன். நீங்க டிஸ்க் விலையை மட்டும் விசாரிங்க."

நாலு நாள் மதுரைக்கும் சென்னைக்கும் போன் போட்டு விலை விசாரித்தேன். அவனும் தினமும் கூப்பிட்டு, "விலை வந்துட்டாக்கா? எவ்வளவு சொல்லுதான்?" என்று கேட்டான். அக்கறை என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு விலையையும் ஒப்பித்தேன்.

ஐந்தாம் நாள் காலை என் கொட்டேஷனைக் கவரில் போட்டுக்கொண்டு சிவசுப்பிரமணியன் சாரைப் பார்க்கப் போனேன். துணை இரண்டும் சாயந்திரம் வரும் என்று சொல்லலாம் என்று இருந்தேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கவரைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கும்மா இன்னொண்ணு? உன்னுதுதான் முந்தாநாளே வந்துட்டே."

ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மூன்று தாள் இருந்தது. முதலாவது சந்தோஷுடையது. என் வரைபடம்தான். பென்சில் கோடுகளைக் கம்ப்யூட்டரில் நேராக்கியிருந்தான். அலமாரியை மட்டும் மாற்றவில்லை, குமிழ்க் கைப்பிடியோடு அப்படியே இருந்தது. கீழே நூற்றுக்கு நாலு என்ற என் எண். அடுத்தது மஜீது பாயின் லெட்டர்பேடில், இணையத்தில் வாடகை இடம். மூன்றாவது செல்வி சிஸ்டம்ஸ். கழித்த டிஸ்க் இரண்டை வாங்கிச் சொருகி நீட்டிவிடலாம் என்று நான் யோசனை சொல்லியிருந்தேன், அதுவும் சந்தோஷ் சொன்ன விலையைவிடக் கூட்டி. தாளின் மூலையில் மங்கலாகச் சந்தனக் கறை இருந்தது. கீழே என் கோடும் இரண்டு புள்ளியும்.

மூன்றும் என் மண்டைக்குள்ளிருந்து போனவை. நான் தேர்ந்தெடுத்த வழி அவன் பெயரில் இருந்தது. நான் வேண்டாம் என்று தள்ளியது என் பெயரில் இருந்தது.

"பதினோரு நாள் வந்து உக்காந்தியேம்மா" என்றார் சார். "டாக்டர் உன்னை மலைபோல நம்பியிருந்தாங்க. கடைசில எவனோ கழிச்சதைச் சொருகச் சொல்லுதே. சந்தோஷ் தம்பி ஒரு நாள்கூட அந்த ரூமுக்குள்ள வரல்ல, என்ன அழகா யோசிச்சிருக்கான் பாரு."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்போதுதான் கேட்டார், இது உன் கையெழுத்துதானம்மா என்று.

இல்லை என்றால் சீல் எப்படி வந்தது என்பார். வந்த வழியைச் சொன்னால், நாலு வருஷமாக நான் இந்த மேஜையில் வைத்த அத்தனை கொட்டேஷனுக்கும் அதே வழிதான் என்று தெரிந்துவிடும். முகத்துக்கு நேரே பேசுகிறவள் என்று எனக்கு ஊரில் பெயர். அன்றைக்கு, "ஆமா சார், என்னோடதுதான்" என்றேன். கொண்டுபோன கவரைக் கைப்பைக்குள் திரும்ப வைத்தேன்.

வாசலில் நின்று மஜீது பாய்க்குப் போன் போட்டேன்.

"செல்வி வேலைக்குத் துணைன்னுதானம்மா சொன்னான்" என்றார் அவர். "அதான் என் தாள்ல ஒண்ணு எடுத்துக்கோன்னேன். ஏன், வேலை உனக்கு வரல்லையா?"

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் குரலைக் கேட்டதும் எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்தது. வழுக்கி விழுந்த ஒரு ஆளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தவர்கள் என்னை அவனுடைய சொந்தக்காரி என்று நினைத்துத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

அன்றைக்கு முழுவதும் கடையைத் திறக்கவில்லை. மறுநாள் காலை என்ன ஆனாலும் ஆகட்டும் என்று திரும்பப் போய், சிவசுப்பிரமணியன் சாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆயுத பூஜை, பத்துத் தாள், துணைக் கொட்டேஷன், எல்லாம். பென்சில் படத்தை எடுத்து அலமாரியைக் காட்டினேன். அவர் அவசரப்படாமல் கேட்டார். பிறகு எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியாம்மா? மூணு கடைத் தாளும் ஒரே கவர்ல ஒரே மடிப்புல வரும். முப்பத்தோரு வருஷம் வங்கியில இருந்தவனுக்கு அது தெரியாதா?"

"பிறகு ஏன் சார் மூணு கேட்டீங்க?"

"ஃபைலுக்கு மூணு வேணும். ஆடிட்டர் எண்ணிப் பாப்பார், அவ்வளவுதான். நீ சொல்லாம இருந்திருந்தா அடுத்த வேலை உனக்கே கொடுத்திருப்பேன். இப்ப வாய்விட்டுச் சொல்லிட்டே. எனக்குத் தெரியும்னு ஆயிட்டுல்லா? இனி உன் தாளை நான் எப்படி ஃபைல்ல வைக்க முடியும்?"

"அப்ப சந்தோஷ் தாளு?"

"அவன் ஒண்ணும் சொல்லல்லையே" என்றார்.

வேலை சந்தோஷுக்கு என்று முந்தின நாளே முடிவாகிவிட்டது. இதை டாக்டரிடம் கொண்டுபோவதானால், நீயும் நாலு வருஷம் இதைத்தான் செய்தாய் என்றும் சொல்லட்டுமா என்று சார் கேட்டார். மிரட்டலாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே யோசனை கேட்பதுபோலக் கேட்டார். வேண்டாம் சார் என்றேன்.

வெளியே வரும்போது நடையில் டாக்டரம்மாவே எதிரே வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே நின்றார். என் தோளைத் தொட்டார்.

"வருத்தப்படாதே செல்வி. ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு வரும். பிரிண்டர் எல்லாம் நீதான் பாக்கே, அதுல ஒரு குறையும் கிடையாது. வழக்கம்போல வந்துட்டுப் போ" என்றார்.

நல்ல மனசோடு சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், அந்தப் படம் என்னுடையது என்று மூன்றே வார்த்தை. பின்னால் சார் அறைவாசலில் நின்றார். என் வாயைத் திறந்தால் முதலில் என் திருட்டுத்தான் வெளியே விழும் என்று பட்டது. "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். சந்தோஷின் பத்துத் தாளும் இருந்தன. இந்த வருஷம் எனக்கு அவனுடையது ஒன்றும் தேவைப்படவில்லை. கீழே அவன் கையெழுத்தும் வட்ட சீலும். ஒன்றை எடுத்துப் பிரிண்டரில் வைத்தேன். 'இந்த வரைபடம் என்னுடையது அல்ல, செல்வி சிஸ்டம்ஸுடையது, என் கொட்டேஷனைத் திரும்பப் பெறுகிறேன்' என்று தட்டச்சு செய்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. அடிக்க வேண்டிய பட்டனில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தாளை உருவி எடுத்துவிட்டேன். நான் நல்லவள் என்பதால் இல்லை. அந்தத் தாள் போனால் அவனும் நானும் ஒன்றாகிவிடுவோம். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

பத்தையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். தோளில் துண்டுகளும் எண்ணெய் வாடையுமாக நிற்க இடமில்லாத பஸ். எல்லாரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லார் மேலும் கோபம் வந்தது.

சந்தோஷ் கடையில் ஏதோ லாட்ஜுக்குக் கேமரா கட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா. டீ சொல்லட்டுமா?"

"என் தாளை எடு."

கேமராவைக் கீழே வைத்தான். தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. அவன் முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

"நீங்க தப்பா நெனைக்கீங்க" என்றான். "தாள்லதான் என் பேர். வேலையைச் செய்யப் போறது நீங்கதானே? எனக்கு அந்த மெஷினை எல்லாம் இடம் மாத்தத் தெரியுமா? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமாப் போய் முடிச்சிருவோம். உங்களுக்கு உள்ளதை நான் வச்சுக்கிடவா போறேன்?"

"என்னைக் கழிசடை டிஸ்க்கை விக்க வந்தவளாக்கிட்டியேலே."

"மூணும் ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வரும்லா. நீங்க சொன்ன மத்த ரெண்டு வழி இருந்துது, அதைப் போட்டேன்."

அவ்வளவு லேசாகச் சொன்னான். பிறகு அவனாகவே மேற்கொண்டு பேசினான்.

"மூணு வருஷமா அங்கன கேமராவுக்கு ஏணி ஏறுதேன். யோசிச்சுச் சொல்லுன்னு என்கிட்ட ஒரு நாள் கேட்டதுண்டா அந்த டாக்டர்? உங்களைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. நீங்க என்கிட்ட வந்து அதையே நாலு தடவை சொன்னீங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் எதற்குப் பசித்திருந்தேனோ அதற்குத்தான் அவனும் பசித்திருந்திருக்கிறான். அது புரிந்ததும் கோபம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடியது.

"கேட்டிருந்தா உன் பேரையும் சேத்துப் போட்டிருப்பேம்லே, சந்தோஷ்."

"போட்டிருப்பீங்க. நீங்க கொடுத்ததுன்னு ஆயிரும்லா."

"ஞாயித்துக்கிழமை நான் வர மாட்டேன். மதுரையிலிருந்து ஆள் கூப்பிட்டுக்கோ. என் தாளை எடு."

இரும்பு பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தான். நான் அதை அவன் மேஜையில் வைத்தே எண்ணினேன். அவனுக்குக் கொடுத்தது பத்து. இரண்டைப் போன் போட்டுக் கேட்டு எடுத்தான், இரண்டும் எனக்கு நினைவிருக்கிறது. ஸ்கேன் சென்டரில் ஒன்று. மீதம் ஏழு இருக்க வேண்டும். நாலுதான் இருந்தது.

"மூணு எங்கலே?"

"பிரிண்டர்ல சுருண்டு கிழிஞ்சிருக்கும்க்கா" என்றான். கேமரா ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

மாசியில் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறை எனக்கு வரும் என்று இருந்து வரவில்லை. சித்திரையில் ரைஸ்மில். வைகாசியில் எங்கள் அச்சன்புதூரிலேயே ஒரு கல்யாண மண்டபம். மூன்று தடவையும் நான் இந்தக் கடையில் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் என் ராசியை நொந்துகொண்டேன். மூன்று தடவையும் அவன்தான் டீ வாங்கிக் கொடுத்தான். விடுங்கக்கா, அடுத்தது உங்களுக்குத்தான் என்றான். மேற்கொண்டு அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கிழிந்தது என்றுதான் சொல்லுவான்.

நாலு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்தேன். அவனுடைய கவரை எடுத்து மேஜையில் போட்டேன்.

"உன் பத்தும் இருக்கு. எண்ணிக்கோ."

கவரைப் பிரிக்காமலே எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினான்.

"எண்ணுலே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"உங்ககிட்ட வாங்குததை எதுக்குக்கா எண்ணிக்கிட்டு" என்றான். கேலியாகச் சொல்லவில்லை.